ஆச்சியிடம் நெல் கணக்கைக் கேளுங்கள்

தொண்ணூறு வயது ஆச்சி ஒருத்தி காலமானால், பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரை எடுத்துப் பாருங்கள். பாசத்தின் உறைவிடம், பொறுமையின் சிகரம், குடும்பத்தின் குலவிளக்கு. அம்பாசமுத்திரத்து ஆச்சிக்கும் அதே வரிதான், ஆலங்குளத்து ஆச்சிக்கும் அதே வரிதான். ஒருத்தி வாய்க்கால் தண்ணீரில் இரண்டு போகம் கண்டவள். இன்னொருத்தி குளத்தையும் கிணற்றையும் வானத்தையும் பார்த்துப் பயிர் வைத்தவள். இருவரும் விடிந்து எழுந்து செய்த முதல் வேலைகூட ஒன்றாக இருந்திருக்காது. குணத்தை மட்டும் எழுதினால் எல்லா ஆச்சியும் ஒரே ஆச்சியாகிவிடுவாள்.

வயக்காட்டில் பிறந்து வளர்ந்து, ஒரு பெரிய குடும்பத்தைச் சாவிக்கொத்தோடு இடுப்பில் முடிந்து வைத்திருந்த பெண்ணின் ஆயுளை எழுத நினைப்பவர்கள் அவள் செய்த வேலையைக் கேட்க வேண்டும். எத்தனை மரக்கால், எந்த மாதம், யார் அளந்தது, எது கெட்டுப்போனது, ஏன் கெட்டது. இப்படிக் கேட்டால் ஆச்சிகள் வாய் ஓயாமல் சொல்வார்கள். "உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க ஆச்சி" என்றால், "என்னத்தச் சொல்ல, எல்லாம் பட்டாச்சு" என்று முடித்துவிடுவார்கள். தாமிரபரணிப் பாசனத்து ஆச்சிகளிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும், பதிலை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதலில் வயது. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று பிறந்தநாள் இருந்தால் பெரும்பாலும் அது குத்துமதிப்பு. ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் 60, 65, 70 என்று முழு எண்ணாகவே ஏறியிருக்கும். ஆச்சியிடம் தமிழ் வருஷத்தின் பெயரைக் கேளுங்கள். பலருக்கு அது மறப்பதில்லை. யுவ வருஷம் என்றால் 1935 சித்திரையில் தொடங்கி 1936 பங்குனியில் முடிவது. இங்கேதான் தப்பு நடக்கும். "யுவ வருஷம் மாசி" என்றால் 1935 என்று எழுதிவிடுகிறார்கள். அது 1936 பிப்ரவரி, மார்ச். மார்கழிப் பாதிக்குமேல் பங்குனிவரை பிறந்தவர்களுக்கெல்லாம் ஒரு வருஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். பழைய ஜாதகக் குறிப்பிலும் பத்திரத்திலும் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். நம் பக்கத்தில் அது வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. அதோடு 825 கூட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824, அதன்பின் 825. கொல்லம் 1111 என்பது 1935 ஆவணியில் தொடங்கி 1936 ஆடியில் முடியும்.

வருஷப் பெயரும் தெரியவில்லையா? ஊர் முழுக்க அறிந்த சம்பவங்களை நாலைந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1944. அரிசிக் கட்டுப்பாட்டை ராஜாஜி எடுத்தது 1952. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். மணிமுத்தாறு அணை கட்டி முடிந்தது 1950களின் கடைசியில். "கட்டுப்பாடு எடுத்தப்ப நீங்க சடங்கானவளா, சின்னப் பிள்ளையா?", "உங்க கலியாணத்துக்கு மொய் அணாவுல விழுந்துச்சா, நயா பைசாவுலயா?" என்று இரண்டு பக்கமும் நெருக்கிக் கேட்டால் வருஷம் நடுவில் மாட்டும். ஆனால் அணாவும் பைசாவும் சில வருஷம் கலந்தே ஓடின என்பதை மனதில் வையுங்கள். பிந்தைய காலத்துக்கு 1992 நவம்பர் வெள்ளம் உறுதியான அடையாளம். திருநெல்வேலிக் குறுக்குத்துறையை ஆறு மூடியதை யாரும் மறக்கவில்லை.

கல்யாண வயதைச் சொல்லும்போது சிலர் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வார்கள். 1930 முதல் பெண்ணுக்கு 14, 1949க்குப் பிறகு 15, 1978இல்தான் 18 என்று சட்டம் இருந்தது. 13 வயதில் கட்டிக்கொடுத்த வீடுகள் அதைப் பிறகு மறைத்திருக்கின்றன. அதட்டிக் கேட்காமல், பெரியவள் ஆனதற்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எத்தனை பொங்கல் போயிற்று என்று கேட்டால் நிஜம் தானாக வரும். பிள்ளைகளின் கணக்கும் அப்படித்தான். "எத்தனை பிள்ளை" என்றால் இருப்பவர்களை மட்டும் சொல்வார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நாலைந்து வருஷ இடைவெளி இருந்தால் அங்கே ஒரு பேறு தங்காமல் போயிருக்கலாம். அதைக் கேட்பதா வேண்டாமா என்று ஆச்சியின் முகத்தைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். கேட்டபின் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள்.

அடுத்து, பிறந்த வீட்டு வயல் எங்கே இருந்தது என்பது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியானது மட்டும் வெள்ளைக்காரன் காலத்தில் 1873இல் முடிந்தது, மற்ற ஏழும் பழையவை. எந்தக் கால் (வாய்க்கால்), அதில் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையா, கடைசியில் எட்டும் கடைமடையா என்று தெரிந்தால் அந்த வீட்டின் சாப்பாடு தெரிந்துவிடும். தலைமடைக்குக் கார் (புரட்டாசியில் அறுப்பது), பிசானம் (மாசி பங்குனியில் அறுப்பது) என இரண்டு போகம். கடைமடைக்குப் பல வருஷங்களில் பிசானம் ஒன்றுதான். கார் நேரத்தில் தண்ணீர் அங்கே எட்டாது. கடைமடையில் பிறந்து தலைமடைக்கு வாக்கப்பட்டவள் முதல் வருஷம் கார் நெல்லை அவிக்கும் புழுங்கல் மணத்திலேயே திணறியிருப்பாள். தலைமடையிலிருந்து கீழே போனவள் தண்ணீருக்கு முறை வைத்துச் சண்டை போடும் வீட்டைப் புதிதாகக் கண்டிருப்பாள். "கொடுத்து வாங்கின ஊரெல்லாம் எந்தக் கால்ல இருந்துச்சு?" என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். சம்பந்தங்கள் வாய்க்கால் வழியே ஓடியிருப்பது பல வீடுகளில் தெரியவரும்.

அளவைகளைச் சரிபார்க்காமல் ஒரு எண்ணைக்கூட எழுத வேண்டாம். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. வாய்ப்பாடு இதுதான். ஆனால் நாழியும் மரக்காலும் ஊருக்கு ஊர், சில சமயம் வீட்டுக்கு வீடு மாறும். கூலி அளக்க ஒரு மரக்காலும் குத்தகை நெல்லான வாரம் வாங்க இன்னொரு மரக்காலும் வைத்திருந்த பெரிய வீடுகள் உண்டு. அதனால் ஆச்சி வீட்டு அரங்கிலோ (நெல்லும் சாமானும் வைக்கும் உள்ளறை) பரணிலோ பழைய மரக்கால் கிடந்தால் எடுத்துத் துடைத்து, அரிசி நிரப்பி, தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். தலை வழித்து ஒரு தடவை, கும்பமாக ஒரு தடவை. வாய் அகலமான மரக்காலில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வேளைச் சோறு. கூலிக்கு அளந்தபோது கும்பமா, தலை வழித்தா என்று கேளுங்கள். ஒரு வீடு எப்படிப்பட்ட வீடு என்பது அந்தப் பதிலில் இருக்கும். நிலத்துக்கும் இதே பெயர்கள்தான். ஒரு மரக்கால் விதை போடும் இடம் ஒரு மரக்கால் விதைப்பாடு, ஒரு கோட்டை விதைப்பாடு என்றால் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. "எங்கய்யா எனக்கு அஞ்சு மரக்கா எழுதிக் குடுத்தாவ" என்று ஆச்சி சொன்னால் அது நெல்லா நிலமா என்று உடனே கேட்டுக்கொள்ள வேண்டும். பேரப்பிள்ளைகள் பலர் இங்கே ஏமாறுகிறார்கள்.

இனி விதைக்கு வருவோம். ஒரு ஆச்சியின் கைவண்ணத்தை விதை நெல்லில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். சமையலெல்லாம் அதற்குப் பிறகுதான். கார் நெல் புரட்டாசியில் அறுப்பு. அது திரும்ப நாற்றங்காலுக்குப் போவது வைகாசிக் கடைசி, ஆனி. நடுவே ஒன்பது மாதம், அதில் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்து வருகிறது. பிசான நெல் மாசி பங்குனியில் நல்ல வெயிலில் அறுத்து, ஆறேழு மாதத்தில் விதைப்புக்குப் போய்விடும். ஆக, கார் விதையைக் காப்பாற்றுவதுதான் கடினம். அதைக் கெடாமல் வைத்திருந்தவளுக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது. மற்ற வீட்டார் சுளவோடு (முறத்தோடு) வந்து நிற்பார்கள்.

விதைக்கென்று வயலின் நடுவிலிருந்து அறுப்பார்கள். வரப்போரத்தில் பக்கத்து வயலின் ரகம் கலந்திருக்கும், எலியும் அதிகம். முற்றிய கதிராக அறுத்த கட்டை மாட்டை விட்டு மிதிக்க விடாமல் கல்லிலோ பலகையிலோ கையால் அடிப்பார்கள். மூன்றாம் அடியில் விழுவதை விதைக்கு எடுப்பதில்லை, அது பால் முற்றாத மணி. காயப்போடுவதில்தான் அனுபவம் தெரியும். காலை வெயில், சாயங்கால வெயில். உச்சிவெயிலில் அள்ளி நிழலில் கூட்டிவிட வேண்டும். சூடேறிய களத்தில் உச்சிப்பொழுதில் கிடந்தால் மணிக்குள் விரிசல் விழும், முளைப்புத் திறன் போகும். மூன்று நாலு நாள் இப்படிக் காய்ந்த நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் 'கடுக்' என்று ஒரே தெறிப்பில் உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கோட்டை கட்டுவது. நெல் அளவையின் பெயரும் இந்தக் கட்டின் பெயரும் ஒன்றே. வைக்கோல் பிரியைத் தரையில் நட்சத்திரம் மாதிரிப் பரப்பி, மேலே வைக்கோல் மெத்தை போட்டு, நடுவில் நெல்லைக் கொட்டி, வேப்பிலையோ நொச்சியோ காய்ந்ததாகக் கலந்து, வைக்கோலை நாலாபக்கமும் மேலே கூட்டி, பிரியால் சுற்றிச் சுற்றி இறுக்குவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டையால் தட்டிக்கொடுக்க வேண்டும், அப்போதுதான் பிரி தளராது. உருண்டையானதும் மேலே சாணிப் பூச்சு. சுவரில் சாய்க்காமல் பலகைமேல் அரங்கு மூலையில் வைப்பார்கள். சுவர் ஈரம் இழுக்கும். வைக்கோலுக்கு மூச்சுவிடும் குணம் உண்டு என்பதால் உள்ளே வேர்ப்பதில்லை. சரியாகக் காயாத நெல்லைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வைத்துவிட்டு ஆனியில் முளை வரவில்லை என்று தலையில் கைவைத்தவர்கள் இந்தத் தலைமுறையில் நிறைய. அத்தனை பேருக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம் வெளியேற வழி இல்லை.

விதைப்பு நாளுக்கு முந்தி கோட்டையை அவிழ்த்து, நெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறப்போடுவார்கள். எடுத்து வடிய வைத்து, வைக்கோல் போட்டு மூடி, மேலே பாரம் ஏற்றி இன்னொரு நாள். கைவிட்டுப் பார்த்தால் கதகதவென்று இருக்க வேண்டும். சுட்டால் ஆபத்து, உடனே கிளறி, தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும், இல்லாவிட்டால் முளை வெந்துவிடும். வெள்ளை முளை மூக்கு நீட்டியதும் நாற்றங்காலுக்குப் போய்விட வேண்டும். இன்னும் ஒரு நாள் விட்டால் வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வீசும்போது கொத்துக் கொத்தாக விழும்.

அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இலிருந்தே இருக்கிறது. ஆனால் வீட்டு விதையை முதலில் அசைத்தது 1966க்குப் பிறகு வந்த ஐ.ஆர். 8. பின்னால் 1986இல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16, ஊர்வாயில் 'அம்பை பதினாறு', காருக்கு நிலையாக உட்கார்ந்துவிட்டது. மகசூல் கூடியது, சந்தேகமே இல்லை. கூடவே விதை கடைக்கும் சொசைட்டிக்கும் போயிற்று. அரங்குக்குள் ஆச்சிக்கு இருந்த அதிகாரத்தில் பாதி அன்றைக்கே கழன்றது. எந்த வருஷம் உங்கள் வீட்டில் கடைசியாகக் கோட்டை கட்டினார்கள் என்று கேளுங்கள். அந்தத் தேதி ஒரு வாழ்க்கைக் குறிப்பில் கல்யாணத் தேதிக்குச் சமமானது.

நெல் அவிப்பது அடுத்த பெரிய வேலை. கார் நெல் மழைக்கு முன்னும் பின்னுமாக ஈரத்தோடு களத்துக்கு வரும், குவித்து வைத்தால் சூடேறி முளைக்கும், இல்லை பழுப்பேறி நாற்றமடிக்கும். அதனால் கார் நெல்லைச் சீக்கிரமே அவித்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். கொப்பரையில் தண்ணீரைக் கைபொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து நெல்லைக் கொட்டி, ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றாவிட்டால் புளித்த வாடை அரிசியில் ஏறிச் சோறு வரைக்கும் வரும். காலையில் நீரை வடித்து, கொப்பரை அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நெல்லை நிரப்பி, ஈரச் சாக்கால் மூடி, வைக்கோலும் பனைமட்டையும் எரிய ஆவியில் வேக வைக்க வேண்டும். மேல்நெல் வாய் பிளந்தால் இறக்கிவிடலாம். எல்லா மணியும் முழுக்கப் பிளக்கும்வரை காத்திருந்தால் சோறு குழையும். ஊறல் பற்றாமல் அவித்தால் அரிசியின் நடுவே வெள்ளை வயிறு நிற்கும். அந்த இடத்தில்தான் மில்லில் ஒடியும்.

காய வைப்பதில் இரண்டு கட்டம். முதலில் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, அரைமணிக்கு ஒருமுறை காலால் கோடு இழுத்துக் கிளறி, பாதி ஈரம் போனதும் குவித்து நிழலில் சில மணி நேரம் விட வேண்டும். மணியின் உள் ஈரம் வெளியே வந்து சமனாகும். பிறகு மறுபடி பரப்பிக் காய வைப்பார்கள். ஒரே மூச்சாகக் காய வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, மில்லில் குருணையாகக் கொட்டும். நல்ல கைக்கு இரண்டு மரக்கால் நெல்லுக்கு ஒரு மரக்கால் அரிசி கிடைக்கும். குறைந்தால் மில்லுக்காரனைத் திட்டுவதற்கு முன் ஆச்சி களத்தை நினைத்துப் பார்ப்பாள். தவிடு மாட்டுக்கு, குருணை கோழிக்கும் உப்புமாவுக்கும், உமி அடுப்புக்கு என்று ஒன்றும் வீணாகாது.

அவித்துக் குத்திய அரிசியும் நெல்லும் குலுக்கையில் (மண்ணால் செய்த குதிர்) இருந்த முறையைக் கவனிக்க வேண்டும். மேல்வாயில் கொட்டி, அடிவாயில் அடைப்பை எடுத்து வாங்குவார்கள். பழசு முதலில் வெளியே வந்துவிடும். சாக்கு அடுக்கில் இது தலைகீழாகிறது. புதுச் சாக்கு மேலே, பழசு அடியில் வண்டு வைத்துக் கிடக்கும். ஒரு அறுவடையை நாலாகப் பிரிக்கும் கணக்கு எல்லா ஆச்சிக்கும் தெரியும்: விதை, அடுத்த அறுப்பு வரைச் சோறு, கூலியும் கோயிலும், விற்பதற்கு. விதைக்கும் சோற்றுக்கும் ஒதுக்கியதில் கைவைக்க ஆண்களுக்கு உரிமை கிடையாது. கடனுக்கு நெல் கேட்டுக் கணவன் வந்து நின்றபோது என்ன சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பிசானம் அறுத்த தாளில் உளுந்து. வண்டு சேமிப்பில் பிறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். வயலிலேயே காயின்மேல் முட்டை ஒட்டி வந்துவிடுகிறது. அதனால்தான் விதை நெல்லுக்கு ஆகாத உச்சிவெயிலை உளுந்துக்குக் கொடுப்பார்கள். நன்றாகக் காய வைத்து, சூடு ஆறவிட்டு, அடுப்புச் சாம்பல் கலந்தோ விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துப் புரட்டியோ பானையில் வைப்பார்கள். சாப்பாட்டுக்கானதைத் திருகையில் உடைத்துப் பருப்பாக வைப்பது இன்னும் பத்திரம், வண்டுக்கு முழு மணிதான் பிடிக்கும்.

அந்த உளுந்துதான் பெண்பிள்ளை பெரியவளானால் களியாகும். தோலோடு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, மணம் வரும்வரை தனித்தனியாக வறுத்து அரைத்த மாவு. கருகினால் கசக்கும், மாவைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. மாவுக்கு ஒன்றரைப் பங்கு கருப்பட்டி, உடன்குடிச் சரக்காக இருந்தால் உசிதம். தண்ணீரில் கரைத்து வடிகட்டியே ஆக வேண்டும், அடியில் மணலும் சிப்பித் தூளும் நிற்கும். பாகு கொதித்ததும் இறக்கிக் கொஞ்சம் சூடு தணிந்தபின் மாவைத் தூவிக் கட்டியில்லாமல் கரைத்து, மறுபடி அடுப்பேற்றி, நல்லெண்ணெயைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்ட வேண்டும். கொதிக்கும் பாகில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு என்ன கிண்டினாலும் உடையாது. ஈரக்கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் பதம். பிரசவித்த மகளுக்கும் பேத்திக்கும் இதே களியை எத்தனை நாள் கொடுத்தார்கள், மருமகளுக்கும் அதே நாள்கணக்குதானா என்பதையும் கேட்டு எழுதுங்கள். மருமகள்களும் அங்கே இருந்தால் பதில் சூடாக இருக்கும். அதையும் விடாமல் எழுதுங்கள். ஆச்சியின் ஆட்சியில் எல்லாரும் சமமாக இருந்ததில்லை.

ஆட்சி என்றதும் சாவி. "கலியாணமாகி எப்ப வந்தீங்க" என்பதைவிட "அரங்குச் சாவி எப்பக் கைக்கு வந்துச்சு" என்று கேட்பது மேல். மாமியாருக்குக் கண் மங்கியபோதா, மாமனார் காலமானபின்பா, மூத்த மருமகள் தனிக்குடித்தனம் போனபின்பா? பல வீடுகளில் பெண்கள் இருபது வருஷம் வேலை செய்தபின்தான் அது நடந்திருக்கிறது. நெல் விற்ற பணம் ஆண்கள் கையில். பால், தயிர், முட்டை, புளி, வேப்பமுத்து விற்ற காசு பெண்கள் கையில். இந்தச் சில்லறைதான் சீட்டானது, பித்தளைக் குடமானது, ஆபத்துக்கு வட்டிக்குப் போனது. இதற்கு நோட்டு இருக்காது. எதை விற்றீர்கள், யாரிடம், வாரத்துக்கு எவ்வளவு என்று பொருள்வாரியாகக் கேட்டால் கணக்கு மனதிலிருந்து இறங்கி வரும்.

பாம்படம் என்ற பெரிய காதணி போட்ட காது இருந்தால் அந்த நகை எங்கே போயிற்று என்று கேளுங்கள். முதல்தடவை அடகு எதற்கு, மீட்டது எப்படி, கடைசியில் அழித்தது யார் கல்யாணத்துக்கு, எந்தக் கிணற்று மோட்டாருக்கு, எந்தப் பையன் காலேஜுக்கு. உள்ளே அரக்கு வைத்த நகை என்பதால் பார்வைக்கு இருக்கிற கனம் தங்கத்தில் இருக்காது. அழித்தபோது எத்தனை பவுன் தேறியது என்பதே சரியான கேள்வி. காதைத் தைத்துக்கொண்டவர்கள் எந்த வருஷம், ஏன் தைத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில பேத்திகளின் கல்யாண போட்டோவுக்காகவே அது நடந்திருக்கிறது.

நிலம் பற்றிய பேச்சில் மகன்மார் பதில் சொல்ல முந்துவார்கள். அவர்களை அந்தப் பொழுதுக்கு வெளியே அனுப்புவது நல்லது. 1956 வாரிசுச் சட்டத்துக்கு முன் கணவன் சொத்தில் விதவைக்கு வாழும்வரை அனுபவம் மட்டும்தான். அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வந்தபின் அப்படிக் கையில் இருந்தது முழு உரிமையானது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணமாகாத பெண்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கிடைத்தது. 2005 செப்டம்பரில் நாடு முழுக்க வந்த திருத்தம் கல்யாணமான பெண்களுக்கும் அதை விரித்தது. ஆச்சியின் மகள்கள் இந்தத் தேதிகளுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்கள், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்துப் போட்டார்கள், அதற்குப் பதிலாக என்ன சீர் செய்தார்கள் என்று பாருங்கள். பட்டாவில் ஆச்சி பெயர் ஏறியதா என்பதையும் பாருங்கள். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யூ.டி.ஆர். வேலையில் பெண்கள் பெயரிலிருந்த புஞ்சையும், சீராகக் கிடைத்த நிலமான மஞ்சக்காணியும் அண்ணன் தம்பி பெயருக்கு மாறிப்போனது உண்டு. ஆச்சி "அது என் நெலம்" என்று சொல்லி, பட்டாவில் வேறு பெயர் இருந்தால் மூலப்பத்திரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வயக்காடு என்றாலே சொந்த நிலம் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் உண்டு. நடவுக்கும் களைக்கும் அறுப்புக்கும் வந்து கொத்து என்ற நெல்கூலி வாங்கி, அதிலேயே ஏழு பேரைக் கரையேற்றிய ஆச்சிகள் நிலம் வைத்திருந்த ஆச்சிகளைவிட எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்குப் படமும் பத்திரமும் குறைவு. அவர்களிடம் வேலை நாள்களைக் கேளுங்கள். காருக்கு எத்தனை நாள் நடவு, பிசானத்துக்கு எத்தனை நாள் அறுப்பு, வேலையில்லாத சித்திரை வைகாசியில் என்ன செய்தார்கள், யார் வீட்டில் மரக்கால் சின்னது. நிலம் வைத்திருந்த ஆச்சியின் வரலாற்றை எழுதினாலும், அவள் வயலில் நட்டவர்களில் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துப் பேசாமல் முடிக்க வேண்டாம்.

வம்சாவளிக்கு நம் சீமையில் ஒரு நல்ல வழி இருக்கிறது: குலதெய்வமான சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள் என்று கேட்டால் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்ற நூல் கிடைக்கும். பெண்ணுக்குக் கல்யாணத்தோடு சாஸ்தா மாறிவிடும். ஆனால் ஆச்சிக்குத் தாய்வீட்டுச் சாஸ்தாவும் தெரியும், பலருக்குத் தன் அம்மாவைப் பெற்ற வீட்டுச் சாஸ்தாவும் தெரியும். மூன்று கோயில் தெரிந்தால் மூன்று கொடிவழி தெரிகிறது. ஆண்களிடம் கேட்டால் ஒன்றுதான் கிடைக்கும்.

உட்கார்ந்து பேசும் விதத்தையும் சொல்லிவிடுகிறோம். காலைக் கஞ்சிக்குப் பிறகு, பத்து மணிவாக்கில் அரைமணி நேரம் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் தள்ளும். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று தெரிந்து அந்தப் பக்கம் உட்காருங்கள். மின்விசிறி நேராகப் போனில் காற்றடித்தால் பதிவில் இரைச்சல்தான் மிஞ்சும். போனை மடித்த துண்டின்மேல் ஆச்சி பக்கம் வையுங்கள். கையில் வேலை கொடுங்கள். கீரை ஆயட்டும், புளி கொட்டை எடுக்கட்டும். சும்மா இருக்கும் கைகளோடு ஆச்சிகளுக்குப் பேச்சு வராது. மதினியோ கொழுந்தியாளோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. "அது அந்த வருசம் இல்லட்டி, பெரியவன் பொறந்த வருசம்" என்று ஒருத்தி திருத்துவாள். சுளவு, கடவப்பெட்டி, திருகை, குந்தாணி என்று எதையாவது கொண்டுவந்து முன்னால் வைத்தால், கேள்வி கேட்காமலே அதைப் பிடித்த கை என்ன செய்தது என்று காட்டுவார்கள். அப்போது வீடியோ எடுங்கள்.

எழுதி முடித்ததை ஆச்சிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், ஒரே நாளில் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக. கண்டிப்பாகத் திருத்துவார்கள். சிலவற்றை முதலில் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். இரண்டையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதை ஊரறிய வைக்கலாம், எது வீட்டோடு என்று ஆச்சியே பிரித்துச் சொல்லட்டும். பதிவின் ஒரு பிரதி மகள் வீட்டுக்கும் போக வேண்டும்.